சுண்டுவிரலுக்குச் சூடு தெரிஞ்ச நாள்

தோசைக்கல்லுல கை பட்டு, தோல் கருகுற வாசனை வந்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது. இடது கை சுண்டுவிரல். சுட்டது கொஞ்சம்கூடத் தெரியல. அன்னிக்கு எனக்கு வந்த பயத்தை யார்கிட்டயும் சொல்லல. முருகனைக் கும்பிடுற உங்ககிட்ட இப்பச் சொல்றேன்.

நான் வயலின் வாசிக்கிறவ. நெய்வேலி டவுன்ஷிப்லதான் எங்க குவார்ட்டர்ஸ். ஒருநாள் தரையில உக்காந்து கச்சேரிக்கு வாசிப்பேன், மறுநாள் மெல்லிசை மேடையில நின்னுகிட்டு சினிமாப் பாட்டு வாசிப்பேன். பரதநாட்டிய அரங்கேற்றம், கிறிஸ்துமஸ் கேரல், சென்னையில ரெக்கார்டிங், எதுக்குக் கூப்பிட்டாலும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிடுவேன். மெட்டும் போடுவேன். "இவகிட்ட எல்லாச் சரக்கும் கிடைக்கும்"னு கூட வாசிக்கிறவங்க கிண்டல் பண்ணுவாங்க. எனக்கு அதுல பெருமைதான்.

சுண்டுவிரலோட மோதிர விரலும் சேர்ந்து மரத்துப்போச்சு. முழங்கையில நரம்பு அழுந்தியிருக்குன்னார் டாக்டர். மாத்திரையும் பயிற்சியும் கொடுத்தார். கொஞ்ச நேரம் வாசிக்கலாம், வலிச்சா நிறுத்திடணும்னார். உணர்ச்சி எப்பத் திரும்பும், எவ்வளவு திரும்பும்னு மட்டும் அவரால சொல்ல முடியல.

மேடையில வேகமான இடம் வந்தா நாலு விரலும் ஓடணும். எனக்கு ரெண்டு தூங்கிடுச்சு. ஒரு கல்யாணக் கச்சேரியில எல்லார் முன்னாடியும் ஸ்வரம் தப்பிப்போச்சு. வீட்டுக்கு வந்து பெட்டியை பீரோ மேல போட்டுட்டேன். வயலின் இல்லாம நான் யாருன்னு எனக்கே தெரியல. உன்னைக் கும்பிட்ட கையிலேயே கைவச்சுட்டியேன்னு முருகன்கிட்ட சண்டை போட்டேன். கோயில் பக்கமே போகல.

எங்க வீட்டுக்காரருக்கு மைன்ஸ்ல வேலை. சொந்த ஊர் குள்ளஞ்சாவடி பக்கம். பாட்டுக்கும் அவருக்கும் ரொம்ப தூரம். நான் எந்த ராகம் வாசிச்சாலும் "நல்லாருக்குது"ன்னு ஒரே பதில்தான். அவர் பங்குனி உத்திரத்துக்கு என்கிட்ட சொல்லாமலே மாலை போட்டுக்கிட்டு வந்து நின்னார். மைன்ஸ்குள்ள ஷூ இல்லாம விடமாட்டாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு கேட்டைத் தாண்டினதும் ஷூவைக் கழட்டி சைக்கிள் ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு, வெறுங்காலோட மிதிச்சுக்கிட்டு வருவார்.

எதுக்கு மாலைன்னு கேட்டேன். மாலை போட்டவர் பொண்டாட்டியையும் சாமின்னுதான் கூப்பிடணும்.

"உங்க விரலுக்குத்தான் சாமி. நீங்கதான் முருகனோட பேசாம கோச்சிக்கினு இருக்கிறீங்களே. அதான் நான் பேசுறேன்."

ஒருநாள் சாயங்காலம் எங்க வீட்டுல பூஜை. அவரோட மாலை போட்டவங்க எல்லாம் வந்திருந்தாங்க. பாட ஆரம்பிச்சா ஆளுக்கொரு சுருதி. இவர் எழுந்து போய் பீரோ மேல இருந்த பெட்டியை எடுத்துக்கிட்டு வந்து என் முன்னாடி வச்சார்.

"ஒரு பாட்டு வாசிங்க சாமி."

கல்யாணம் ஆனதுலேர்ந்து அவர் என்கிட்ட பாட்டு கேட்டதே இல்ல. வேற நாளா இருந்தா எழுந்து உள்ள போயிருப்பேன். மாலை போட்ட சாமி வாய்விட்டுக் கேட்டா எப்படி மாட்டேங்கிறது?

"ரெண்டு விரல் வராதுங்க"ன்னேன்.

"மீதி ரெண்டு சும்மாத்தானே இருக்குது சாமி."

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வச்சு ஆரம்பிச்சேன். வேகம் போகாது. ஒரு ஸ்வரத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு மெதுவா இழுத்துத்தான் போகணும். இழுக்க இழுக்க, நான் அதுவரைக்கும் வாசிச்சே இல்லாத ஒரு மெட்டு வந்துச்சு. "வேலவா"ன்னு ஒரே ஒரு வார்த்தையைப் போட்டுப் பாடினேன். எல்லாரும் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒரே சுருதியில சேர்ந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கல. எத்தனையோ மேடை ஏறியிருக்கேன், அவனுக்குன்னு உக்காந்து வாசிச்சது அன்னிக்குத்தான்.

அப்புறம் தினமும் அந்த ரெண்டு விரலுக்காகவே மெட்டுப் போட்டேன். டாக்டர் சொன்ன பயிற்சியையும் விடல.

பங்குனி உத்திரத்தன்னிக்கு நானும் பால்குடம் எடுத்தேன். விரல் வந்தாலும் வராட்டாலும் உனக்கு வாசிக்கிறேன்னு மட்டும் சொல்லிக்கிட்டேன். வழியெல்லாம் நம்ம ஜனங்க என் மெட்டைப் பாடிக்கிட்டு வந்தாங்க. நல்ல வெயில். கோயில் வாசல்ல குடத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு இறக்கினேன். பித்தளை சுட்டுச்சு. எங்க சுடுதுன்னு பார்த்தேன். சுண்டுவிரல்.

"சுடுதுங்க, சுடுதுங்க"ன்னு அழுதேன். பக்கத்துல இருந்தவங்க பதறிப்போய் குடத்தை வாங்க வந்தாங்க. நான் கொடுக்கல. இவருக்குப் புரிஞ்சுபோச்சு. "விடுங்க சாமி, சுடட்டும்"னு அவங்களைத் தடுத்துட்டு அவரும் அழுதார்.

மோதிர விரல் இப்ப நல்லா வந்துடுச்சு. சுண்டுவிரலுக்கு இன்னும் கொஞ்சம் சோம்பல் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். மறுபடி எல்லா மேடையும் ஏறுறேன். எந்த மேடையா இருந்தாலும் முதல்ல அந்த ரெண்டு விரல் மெட்டுதான்.

உங்களுக்கும் ஏதாவது மரத்துப்போயிருந்தா, கோபத்தையும் அவன்கிட்டயே காட்டுங்க. பேச வாய் வரலைன்னா, உங்களுக்காகப் பேசுறவங்களைப் பேச விடுங்க. மிச்சம் இருக்கிறதை அவன் முன்னாடி வைங்க. அவன் கைவிடமாட்டான்.

எங்க வீட்டுக்காரர் இன்னிக்கும் எதை வாசிச்சாலும் "நல்லாருக்குது"ன்னுதான் சொல்றார். இப்பல்லாம் நான் அதை நம்புறேன்.