பஸ் கூரையில் வந்த தையல் மெஷின்

கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள் மாற்றுச் சான்றிதழைக் கொண்டுவர மாட்டார்கள். முப்பத்திரண்டு வருடம் கல்வி அலுவலகத்தில் குப்பை கொட்டியவள் என்கிற தகுதியில் இதைச் சொல்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து என் மகள் ஆறு வயதுப் பேரனோடு அருப்புக்கோட்டையில் வந்து இறங்கி இன்றோடு பத்து நாளாகிறது. எத்தனை நாள் லீவு என்று கேட்டதற்கு, "ஸ்கூல் திறக்கிற வரைக்கும்மா" என்றாள். எந்த ஸ்கூல் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நேற்று பேரனுக்கு உடம்பு கதகதவென்று இருந்தது. அவனுடைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுப்பதற்காக அவள் காட்டிய நீல ஃபைலைத் திறந்தேன். மேலாகவே மாற்றுச் சான்றிதழ் கிடந்தது. முத்திரை, கையெழுத்து, வரிசை எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. படிவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போதெல்லாம் எட்டாம் வகுப்பு வரை அந்தக் காகிதம் இல்லாமலே பிள்ளையைச் சேர்க்கலாம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அது தெரிந்த பெற்றோர் குறைவு, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளும் தலைமை ஆசிரியர்கள் அதைவிடக் குறைவு. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அந்தச் சட்டமும் இல்லை. காகிதம் இல்லாத பிள்ளை அந்தரத்தில் நிற்க வேண்டியதுதான். அப்படி ஒருமுறை நான் நின்றேன். நிற்க வைத்ததும் நானேதான்.

அந்த வருடம் மூன்றாம் வகுப்பு முடிந்திருந்தது. அப்பா விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் மண்டியில் கணக்குப்பிள்ளை. ஒவ்வொரு கோடைக்கும் அம்மாவும் நானும் திருச்சுழிக்குக் கிழக்கே இருந்த தாத்தா வீட்டுக்குப் போவோம். ஒரு துணிப்பை, ஒரு சேவுப் பொட்டலம், அவ்வளவுதான் சாமான். அந்த வருடம் ஒரு டிரங்குப் பெட்டியும் வந்தது. அதோடு அம்மாவின் கால் மெஷினும் வந்தது. இரண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கி அதை பஸ் கூரையில் கட்டினார்கள். பாலவனத்தம் தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் குதித்தபோது தலைக்கு மேல் டணார் என்றது. அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த மெஷின்தான் சண்டை. அம்மா தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொடுப்பாள். தன் பெண்டாட்டி ஊராருக்குத் துணி தைப்பது அப்பாவுக்குக் கௌரவக் குறைச்சல். மெஷினை விற்றுவிடு என்றார். அம்மா விற்கவில்லை. மெஷினையும் என்னையும் எடுத்துக்கொண்டு, இனித் திரும்புவதில்லை என்று கிளம்பிவிட்டாள். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது லீவு விட்டாயிற்று என்பது ஒன்றுதான்.

திருச்சுழிக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்த தாத்தா கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன தாயி, மிஷினெல்லாம் வந்திருக்கு?"

"ரிப்பேரு அய்யா. இங்கன பாத்துட்டுக் கொண்டுபோவம்னு..."

தாத்தாவின் ஊரில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டக்கூட ஆள் கிடையாது. தாத்தா "சரி, அப்படிப் பிடி" என்று வண்டிக்காரனிடம் சொல்லிவிட்டு ஒரு பக்கத்தைத் தானே தூக்கினார்.

அந்த வீட்டில் தாத்தாவும் அம்மாவின் தம்பியான மாமாவும் அவர் பெண்டாட்டியான அத்தையும் இருந்தார்கள். முதல் வாரம் ஆட்டுக்கறி, பணியாரம், சீயம் என்று தடபுடலாகப் போயிற்று. இரண்டாம் வாரம் முட்டை வந்தது. மூன்றாம் வாரம் வெண்டைக்காய் வத்தல் குழம்பும் துவையலுமாக நின்றுவிட்டது. அத்தை கெட்டவள் இல்லை. விருந்தாளிக்கு ஒரு கால அளவு உண்டு என்று நம்புகிறவள், அவ்வளவுதான்.

"மதினி, நீங்க இருக்கது எங்களுக்குப் பாரமா என்ன? பள்ளிக்கூடம் எப்பத் தெறக்காகன்னுதான் கேட்டேன்" என்பாள், இரண்டு நாளைக்கு ஒரு தடவை.

அம்மாவுக்கு முன்னால் நான் பதில் சொல்லிவிடுவேன். "ஜூன் மாசம்! அன்னைக்கி நாங்க ஊருக்குப் போயிருவோம்!" அம்மா தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருப்பாள்.

ரிப்பேருக்கு வந்த மெஷின் பத்தாம் நாளே கடகடவென்று ஓட ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் துணியோடு வந்தார்கள். "ரிப்பேரான மிஷினு இந்த ஓட்டம் ஓடுதே, சரியாப் போச்சுன்னா மெட்ராசுக்கே போயிரும் போலயே" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அத்தைகூட மத்தியானங்களில் பக்கத்தில் உட்கார்ந்து, காலை எப்படி வைப்பது, துணியை எப்படித் தள்ளுவது என்று கேட்டுக்கொண்டாள்.

ஒருநாள் அருப்புக்கோட்டைக்குப் போய் வந்த தாத்தா மடியிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து மெஷின் பலகையில் வைத்தார். மெஷினுக்கு விடுகிற எண்ணெய்.

"ரிப்பேருக்கு வேணும்ல" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புஞ்சையைப் பார்க்கப் போய்விட்டார்.

அம்மா அந்தப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். எண்ணெய்க்கு எதற்கு அழுகை என்று அத்தையிடம் கேட்டேன். "கண்ணுல பட்டிருக்கும்" என்றாள் அத்தை. புட்டியின் மூடியே இன்னும் திறக்கப்படவில்லை. எனக்குக் குழப்பமாக இருந்தது.

அந்தக் குழப்பத்திலிருந்து ஒரு தெளிவு பிறந்தது. தெளிவுதான் வினையாகப் போயிற்று.

தலைக்கு ரிப்பன் தேடி டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது, சேலைகளுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை அகப்பட்டது. உள்ளே என் பெயர் போட்ட காகிதம். எழுத்துக்கூட்டிப் படித்தேன். பள்ளியை விட்டு நீங்கிய நாள். நீங்கிய காரணம்: பெற்றோர் விருப்பம். நடத்தை: நன்று.

இன்னொரு தடவை படித்தேன். பரீட்சை முடிந்த அன்று டீச்சரின் வருகைப் பதிவேட்டில் மைப்புட்டியைக் கவிழ்த்திருந்தேன். "உன்னய ஸ்கூல விட்டே அனுப்பிருவேன் பாரு" என்று டீச்சர் கத்தியிருந்தார். அனுப்பியே விட்டார்! நடத்தை நன்று என்று எழுதியிருந்தது எனக்கு ஆறுதல் தரவில்லை, கேலி செய்கிறார் என்றுதான் பட்டது. அந்தக் கட்டத்தில் உலகத்தில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் நன்று என்றுதான் எழுதுவார்கள் என்பது அப்போது யாருக்குத் தெரியும்? பெற்றோர் விருப்பம் என்றால் எந்தப் பெற்றோர் என்று யாரும் கேட்பதில்லை என்பதும் தெரியாது. பள்ளித் தலைமை ஆசிரியைக்கு அம்மாதான் ரவிக்கை தைத்துக்கொடுப்பாள். அவரும் கேட்டிருக்க மாட்டார்.

அதன்பிறகு எல்லாம் பொருந்திவந்தது. நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுபோவது என்னால்தான். "பாவம் இந்தப் பிள்ள" என்று அத்தை முணுமுணுப்பது என்னால்தான். தாத்தா என் தலையைத் தடவிவிட்டுப் புஞ்சைக்கு நடப்பது, அம்மாவின் அழுகை எல்லாமே என்னால்தான். பின்னாளில் எத்தனையோ விசாரணை அறிக்கைகள் என் மேசைக்கு வந்தன. சாட்சியங்கள் இவ்வளவு கச்சிதமாகச் சேர்ந்த அறிக்கை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. முடிவுதான் தப்பு.

காகிதம் இல்லாவிட்டால் நான் நீங்கியதும் இல்லை என்று ஆகிவிடும். உறையைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுக் காகிதத்தை மட்டும் மடித்துப் பாவாடையில் செருகிக்கொண்டேன். உள்வீட்டில் பருத்தி மலைபோலக் கிடந்தது. மாமா ஆளுயரத் தாட்டுச் சாக்குக்குள் இறங்கி நின்று பருத்தியை மிதித்து அடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, தூரப் போ. மூக்குல தூசி போயிரும்" என்றார்.

நான் ஒரு கை பருத்தியை அள்ளிப் போடுவதுபோலப் போட்டேன். காகிதம் அதற்குள் இருந்தது. மாமா அதன்மேல் ஏறி மிதித்தார். மறுநாள் விடிய வண்டி அருப்புக்கோட்டை கமிஷன் கடைக்குக் கிளம்பிற்று. நான் நிம்மதியாகக் கம்மங்கூழ் குடித்தேன்.

ஜூன் மாதம் வந்தது. அம்மா புதுப் பாவாடை சட்டை தைத்துப் போட்டு, என்னை விருதுநகருக்குக் கூட்டிப்போகாமல் திருச்சுழிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். இங்கே எதற்கு வந்தோம் என்று எனக்குப் புரியவில்லை. தலைமை ஆசிரியருக்கு முன்னால் உறைக்குள் விரலை விட்டாள். பிறகு உறையைக் கவிழ்த்து உதறினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த தேசப்படத்தைப் பார்த்தேன்.

"டி.சி. இல்லாம நான் எப்படிம்மா பேர எழுதுறது?" என்றார் அவர். "பழைய பள்ளிக்கூடத்துல நகல் கேளுங்க. பிள்ளையோட அப்பா கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தா ஒரு மாசத்துல குடுத்துருவாக."

படிவத்தில் பெற்றோர் கையொப்பம் என்றுதான் இருக்கும், தாயும் போடலாம். அன்று அதை அவருக்கு எடுத்துச் சொல்ல நான் அங்கே இல்லை. அதாவது இருந்தேன், எட்டு வயதில்.

அப்பாவுக்கு எழுதுவதா வேண்டாமா என்று அம்மா இரண்டு நாள் யோசித்தாள். எழுதவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அப்பாவே வந்துவிட்டார். கையில் அல்வாப் பொட்டலம். அம்மா பின்கட்டில் மெஷினோடு இருந்தாள். வேப்பமரத்தடிக் கட்டிலில் அப்பாவும் தாத்தாவும் உட்கார்ந்தார்கள். நான் செம்பில் தண்ணீரோடு நின்றேன்.

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு தபால் உறையை எடுத்து, உள்ளேயிருந்த அந்தக் காகிதத்தை உருவினார்.

"நான் ரோசத்த விட்டுட்டு வரல மாமா. உங்க மகதான் மொத எறங்கி வந்திருக்கு. டி.சி.ய பள்ளிக்கூடத்துக்கே தபால்ல திருப்பி அனுப்பிருச்சு. கவர்ல அருப்புக்கோட்ட முத்திர இருக்கு பாருங்க. ப்யூன் கொண்டாந்து என் கையில குடுத்துட்டுப் போறான். இதுக்கு மேலயும் நான் வராம இருந்தா மனுசனில்ல."

எழுத்து வாசிக்கத் தெரியாத தாத்தா முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுவாவா அனுப்புச்சு?"

"பெறவு யாரு அனுப்புவா?"

இரண்டு பேரும் எதேச்சையாக என் பக்கம் திரும்பினார்கள். நான் செம்பை நீட்டினேன்.

தாத்தா எழுந்து பின்கட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிற்பதைப் பார்த்து அம்மா காலை எடுத்தாள்.

"மாப்ள வந்திருக்காக. போயிட்டு வா தாயி."

அம்மா அவரையே பார்த்தாள். "நீங்களுமாய்யா சொல்றீக?"

"ஒன் மனசு எனக்குத் தெரியாதா? கெளம்பு."

எண்ணெய் வாங்கிவந்த தகப்பன் போகச் சொல்கிறாரே என்று அம்மா நினைத்தாள். போக வேண்டும் என்று மகளே முடிவு செய்து தபால் போட்டிருக்கிறாள், தான் குறுக்கே நிற்கக்கூடாது என்று தாத்தா நினைத்தார். இருவருக்கும் நடுவில், ஒரே வாக்கியத்தில் இரண்டையும் திருத்தக்கூடிய ஒருத்தி நின்றிருந்தாள். காகிதம் திரும்பி வந்துவிட்டதே, அடி விழுமோ என்பதுதான் அவளுடைய கவலை.

"மிஷினு இருக்கட்டும்" என்றார் அப்பா. "கூரையில ஏத்துனா அடிபட்டுரும். பெறவு ஆள் விட்டு எடுத்துக்கலாம்."

"நான் பத்திரமாப் பாத்துக்கிறேன் மதினி" என்றாள் அத்தை, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

ஆள் யாரும் அதை எடுக்க வரவில்லை. அம்மா அதற்குப் பிறகு ஒரு கிழிசலைக்கூடக் கையால்தான் தைத்தாள். அப்பா அவளை நன்றாகத்தான் வைத்திருந்தார். குறை சொல்ல முடியாது. என்னையும் படிக்க வைத்தார். தாத்தா காலமாகி, நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த ஊர் ரவிக்கை எல்லாம் அப்போது அத்தையிடம்தான் வந்தது. அம்மாவின் மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னாள்.

"பருத்தித் தாட்டப் பிரிச்சப்ப உள்ள ஒரு சர்ட்டிபிகேட்டு கெடந்துச்சாம். யாரு பிள்ளையோடதோன்னு கமிஷன் கட ராவுத்தருதான் அதுல இருந்த பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்பி வச்சிருக்காக. அடுத்த லோடு போனப்ப ஒங்க மாமன்ட்டச் சொன்னாகளாம்."

"அம்மாட்ட ஏன் அத்த சொல்லல?"

"அதான் சேந்துட்டாகள்ல. சேந்தவுககிட்டப் போயி என்னத்தச் சொல்ல?" நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

அப்போது அம்மா உயிரோடு இருந்தாள். நானும் சொல்லவில்லை. எட்டு வயதில் பயம். இருபத்து மூன்று வயதில் என்ன என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நேற்று அந்த நீல ஃபைலை அலமாரியின் மேல்தட்டில், நான் நாற்காலி போட்டு ஏறவேண்டிய உயரத்தில் வைத்தேன். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க எதுக்கும்மா?"

"பிள்ள கைக்கு எட்டக்கூடாது. எப்ப வேணுமோ கேளு, எடுத்துத் தாரேன். வேணாம்னாலும் அங்கயே இருக்கட்டும்."

அவள் நாற்காலியை இழுத்து ஓரமாகப் போட்டாள். நான் சொன்னது அவளுக்கு இருக்கச் சொன்னதாகக் கேட்டதா, போகச் சொன்னதாகக் கேட்டதா, தெரியவில்லை. இதற்கு ஒரு படிவம் இருந்தால் பிழையில்லாமல் நிரப்பிக் கொடுத்திருப்பேன்.

அப்பாவோடு கிளம்பிய அன்றைக்குத் திருச்சுழியில் பஸ் ஏறியபோது கூரையில் டிரங்குப் பெட்டி மட்டும்தான் இருந்தது. பள்ளத்தில் குதித்தாலும் மேலே சத்தம் வரவில்லை. அப்பா அல்வாவைப் பிரித்துக் கொடுத்தார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நீங்காதவளாகிவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். அருப்புக்கோட்டை தாண்டியபோது கீழே பார்த்தேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுடைய இரண்டு பாதங்களும் பஸ்ஸின் தகரத் தரையில் முன்னும் பின்னுமாக, ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தன. ஏதோ புது விளையாட்டு என்று நினைத்தேன். என் கால் தரைக்கு எட்டவில்லை. இருந்தாலும் விருதுநகர் வரும்வரை நானும் அந்தரத்தில் அப்படியே மிதித்துக்கொண்டு வந்தேன்.