ஒன்பதாவது ஹார்டு டிஸ்க்

பெட்டி மாதிரி இருக்குமே பழைய மானிட்டர், அதைத் தூக்கும்போது வரும் ஒரு வாசனை... சூடான தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. சுவிட்சை அணைத்து வெகுநேரம் ஆன பிறகும் அதன் முதுகு வெதுவெதுப்பாக இருக்கும்.

திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு முதல் வேலை. சிஸ்டம் அசிஸ்டென்ட் என்று பேர். பிரின்டரில் சிக்கிய பேப்பரை எடுப்பதுதான் பாதி வேலை. அந்த வருஷம் ஒன்பது பழைய கம்ப்யூட்டரையும் மாற்றினோம். பழையதில் இருந்ததையெல்லாம் புதியதில் ஏற்றிவிட்டு, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி ஒரு அட்டைப்பெட்டியில் போட வேண்டும். பிறகு உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாதபடி டிரில் மெஷினால் ஓட்டை போட வேண்டும். மீதியெல்லாம் காயலான் கடைக்கு.

இரண்டு நாள் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகச் சுற்றினேன். லேப் கம்ப்யூட்டர் பக்கம் போனபோது மட்டும் அங்கிருந்த சிஸ்டர், "இரும்மா, ஒரே ஒரு பிரின்ட் எடுத்துக்கினு குடுத்துடறேன்" என்றார்.

சரி என்று டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் விழுப்புரத்திலிருந்து காயலான் கடை வண்டி வந்து, ஒன்பதையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு அட்டைப்பெட்டியைத் திறந்தேன். எட்டுதான் இருந்தது.

லேப் கம்ப்யூட்டர்! யாருக்கு என்ன டெஸ்ட், என்ன ரிசல்ட், எல்லாம் அதில்தான். பாஸ்வேர்டுகூடக் கிடையாது.

குணசேகரன் சார்தான் எங்கள் மேனேஜர். அவர் அறை வாசல்வரை போனேன். கதவில் கை வைத்தேன்... தட்டவில்லை. தலைவலி என்று பர்மிஷன் சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறிவிட்டேன்.

அந்தப் பஸ் பயணம் இன்றும் பாதித் தூக்கத்தில் பார்த்தது போலத்தான் நினைவில் இருக்கிறது. மழை வருகிற மாதிரி வெளிச்சம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய கொல்லைகளிலிருந்து ஈர மண் வாசனை. கண்ணை மூடினால் லேப் லிஸ்டில் பார்த்த பேர்கள் ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு வெளியே கூடவே வந்தன... பேர், வயசு, ஊர். கண்டாச்சிபுரம், ஓமந்தூர், திருவாமாத்தூர்... யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது.

கடை ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டி உள்ளே. முற்றத்தில் எங்கள் மானிட்டர்களை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். தூறல் போட ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு துண்டு மேகம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. வந்த வேலையை மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

ஷெட்டுக்குள் ஒரே ஒரு மானிட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் கடைக்காரர் மனைவி உட்கார்ந்திருந்தார். நாற்பது வயசிருக்கும். எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று பார்த்துப் பிரிப்பது அவர் வேலையாம். செல்வராணி என்று பேர்.

"ஆஸ்பத்திரி பொண்ணா நீ?"

"ஆமாங்க்கா... அந்த மெஷின்ல டிஸ்க்கை எடுக்க மறந்துட்டேன்."

அவர் திரும்பவே இல்லை. "இதுல என் பேரு இருக்குதும்மா" என்றார்.

ஆஸ்பத்திரி பேர் திரையில் வந்ததும் சந்தேகப்பட்டு, தன் போன் நம்பரை அடித்துப் பார்த்திருக்கிறார். ரிப்போர்ட் அப்படியே வந்து நின்றிருக்கிறது.

"மார்ல ஒரு கட்டி இருந்துச்சு. இங்க காட்டுனா தெரிஞ்சவங்க கண்ணுல படும்னுதான் திண்டிவனம் வந்தேன். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. ஆனா பத்து நாள் நான் தூங்கல. வூட்ல ஒருத்தருக்கும் தெரியாது."

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். அது என் காதுக்கே கேட்கவில்லை.

அதற்குள் வெளியிலிருந்து அவர் கணவரின் குரல். "இன்னாம்மே, அது ஓடுதா?"

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "ஓடலைங்க. டிஸ்க்கு பூட்ச்சு" என்று குரல் கொடுத்தார். என் கையில் ஸ்க்ரூ டிரைவரைத் திணித்து, "ஜல்தியா கழட்டு" என்றார்.

கழற்றினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை நானே உடைக்கட்டுமா?" என்று கேட்டார்.

மேல்மூடியை நான் திறந்து கொடுத்தேன். உள்ளே வட்டமாக, முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஒரு தகடு. அக்கா அதில் தன் முகத்தைப் பார்த்தார். விலகிய முன்முடியை ஒதுக்கிக்கொண்டார். பிறகு அதைக் கல்லில் வைத்து, சுத்தியலால் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார்... தகடு நெளிந்து, கீறி, எதுவும் தெரியாமல் போகிற வரைக்கும்.

"போதும்மா. நீ கிளம்பு, மழை வருது" என்றார். சிரித்தாரா, அழுதாரா என்று இன்னமும் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் குணசேகரன் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். யார் பேரையும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்றே நினைத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "வண்டி ஏத்தறப்ப நானும் கூட நின்னிருக்கணும். இனிமே ரெண்டு பேரும் நிப்போம்" என்றார்.

இப்போது நான் சென்னையில். லேப்டாப்புகளை மாற்றுவதற்கென்றே ஒரு டீம், அதற்கு நான்தான் பொறுப்பு. எல்லா டிஸ்க்கும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியேதான் இருக்கும். சீல் வைத்த பெட்டியில் போகும், அழித்தாயிற்று என்று சர்டிஃபிகேட் மெயிலில் வரும். அதில் சீரியல் நம்பர் மட்டும்தான். யாருடையது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அன்றைக்கு நான் செய்த மாதிரித் தப்பை இன்று யாரும் அவ்வளவு சுலபமாகச் செய்துவிட முடியாது. ரொம்ப நல்ல விஷயம்.

இருந்தாலும், சில சாயங்காலங்களில் சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போடும்போது கை கொஞ்சம் நின்றுவிடுகிறது... இந்த நம்பர்களில் எதற்குப் பின்னால் யார், எத்தனை நாள் தூங்காமல் இருந்தார்களோ என்று.

பிறகு போட்டுவிடுகிறேன்.