நாலு எலுமிச்சம்பழமும் ஒரு ஈர்க்கில் காரும்

பூசை செய்யாத வாகனம் எங்கள் வீட்டுப் படலையைத் தாண்டக் கூடாது. இது என் சட்டம். என் கணவர் ஓட்டோ வாங்கிய அன்று இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, எலுமிச்சம்பழம் வைக்காமலே எடுத்துக்கொண்டு போனார். எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கப் 'பாதை' என்று ஒன்று உண்டு. ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப் போகும் மிதவை. அதில் ஏறும்போது ஓட்டோவின் முன்சில்லு வழுக்கி வாவிக்குள் இறங்கிவிட்டது. பலகையில் பாசி பிடித்திருந்தது என்று அவர் இன்றைக்கும் சொல்வார். பாசி மற்ற ஓட்டோக்களை ஏன் விட்டது என்று நானும் இன்றைக்கும் கேட்பேன்.

மகள் ஒன்பதாம் தரம் படித்தபோது விஞ்ஞான பாடத்துக்கு ஒரு கார் செய்யச் சொன்னார்கள். பற்றரி கூடாது, கையால் தள்ளவும் கூடாது. வகுப்பு வாசலிலிருந்து கரும்பலகை வரை தானாக ஓட வேண்டும். அவளை மூன்று பொடியன்களோடு ஒரு குழுவில் போட்டார்கள். அந்த மூவரும் முதல் நாளே அவளிடம், "கார நாங்க செய்யிறம். நீ கலர்ப் பேப்பர் ஒட்டி வடிவாச் சோடி" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அன்று புத்தகப் பை வீட்டுக்குள் பறந்து வந்தது, பின்னால்தான் இவள் வந்தாள். கோபம் என்னிடமிருந்து வந்த சொத்து. நானும் சேர்ந்து அந்தப் பொடியன்களைத் திட்டித் தீர்த்தேன். மறுநாள் டீச்சரிடம் போய்த் தனியாகச் செய்யப்போவதாகச் சொல்லிவிட்டாள். டீச்சரும் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "ஓடல்ல எண்டா மறுகா அவங்கட குழுவுக்குத்தான் போகணும், சரியா?"

அதாவது ஓடாவிட்டால் கலர்ப் பேப்பர்.

ஒரு கிழமை முழுக்க எங்கள் விறாந்தையில் கால் வைக்க இடமில்லை. உடைந்த மீன்பெட்டியின் பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் காரின் உடம்பானது. சோடாப் போத்தல் மூடிகள் சில்லுகள். விளக்குமாற்றில் உருவிய ஈர்க்கில்கள் அச்சு. அவை சோடா உறிஞ்சும் ஸ்ட்ரோத் துண்டுகளுக்குள் சுழலும். பின் அச்சில் றப்பர் பாண்டைச் சுற்றி விட்டால், அது அவிழும் வேகத்தில் கார் ஓட வேண்டும். முதல் கார் நின்ற இடத்திலேயே நடுங்கியது. இரண்டாவது காரைப் பூனை தூக்கிக்கொண்டு போனது, மீன்பெட்டி வாசம் அப்படி. மூன்றாவது வியாழக்கிழமை பின்னேரம் விறாந்தையிலிருந்து புறப்பட்டுக் குசினிக்குள் போய்த் தேங்காய் துருவும் பலகையில் முட்டி நின்றது. அவள் கத்திய கத்தலில் என் தையல் மெசின் ஊசி முறிந்தது. எனக்கும் சந்தோசம் தாங்கவில்லை. அந்தச் சந்தோசத்தில்தான் எனக்குச் சட்டம் ஞாபகம் வந்தது.

நாலு சில்லு இருந்தது, தானாக ஓடியது. வாகனம் என்று சொல்ல வேறென்ன வேண்டும்?

வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்கு எண்ணெய் வழியத் தலை வாரி இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டே, கோயிலுக்குப் போய்விட்டுத்தான் பள்ளிக்கூடம் என்றேன்.

"அம்மா, இது விஞ்ஞானம்."

"அதுக்கென்ன மனே, பிள்ளையாருக்கு விஞ்ஞானம் தெரியாதா?"

கோயில் வாசலில் ஒரு புத்தம்புதிய உழவு மெசின் மாலை போட்டு நின்றது. பக்கத்தில் அதன் சொந்தக்காரர். ஐயர் என்னைப் பார்த்து, "வாகனம் எங்க?" என்று கேட்டார். நான் ஷொப்பிங் பையிலிருந்து எடுத்து உழவு மெசினுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஐயர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை நான் என்றைக்கும் மதிப்பேன். பெயர், நட்சத்திரம் கேட்டு, இரண்டு வாகனங்களுக்கும் சேர்த்தே மந்திரம் சொல்லிச் சந்தனம் வைத்தார். எனக்கு அது போதாமல் இருந்தது. என் விரலாலேயே ஒவ்வொரு சில்லின் நடுவிலும் இன்னும் கொஞ்சம் அப்பினேன். என் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைப் பிய்த்து மாலையும் போட்டேன்.

பிறகு எலுமிச்சம்பழம். நாலு சில்லுக்கும் முன்னால் ஒவ்வொன்றாக நாலு பழம் வைத்ததும் கார் கண்ணுக்குத் தெரியவில்லை. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு றப்பர் பாண்டை முறுக்கி விட்டாள். கார் முதல் பழத்தில் ஏறி, அப்படியே மல்லாந்து விழுந்து, சில்லுகளை ஆகாயத்தில் சுழற்றியது. கூடவே வந்திருந்த என் கணவர் அதைப் போனில் எடுத்து, கதிரவெளியில் இருக்கும் தன் அக்காவுக்கு அந்த இடத்திலேயே அனுப்பினார்.

"பழம் நசியாம வாகனத்த எடுக்கக் கூடாது" என்றார் ஐயர்.

"அம்மா, அந்தப் பழம் என்ட கார விடப் பாரம்!"

உழவு மெசின்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "என்னகா இது? நான் எட்டரைப் பாதையப் பிடிச்சு அக்கர வட்டைக்குப் போகணும். வயல் காத்துக்கிடக்கு. ஐயா, இந்தப் பிள்ளையிட பழத்தையும் என்ட மெசினே நசிச்சா என்ன?"

ஐயர் கண்ணை மூடி யோசித்தார். "நசியணும் எண்டுதான் இருக்கு. ஆர் நசிக்கணும் எண்டு இல்ல."

மகள் காரைத் தூக்கிக்கொள்ள, மெசின் உறுமிக்கொண்டு வந்து எட்டுப் பழங்களையும் ஒரே மிதியில் சப்பளித்துவிட்டுப் பாதையைப் பிடிக்க ஓடியது. எனக்கு மனம் நிறைந்தது. பள்ளிக்கூடம் போகும்வரை மகள் காரை என் கையில் தரவே இல்லை. முன்னால் போன கணவரின் முதுகு சிரிப்பில் குலுங்கிக்கொண்டே இருந்தது.

பெற்றோர் வெளியே நின்று ஜன்னலால் பார்க்கலாம் என்றார்கள். பொடியன்களின் கார் வெள்ளித் தாளும் கொடியுமாக வந்து, பாதி வழியில் நின்றுவிட்டது. அடுத்தது இவள். முறுக்கினாள், விட்டாள். கார் அசையவில்லை. மறுபடியும் முறுக்கினாள். அசையவே இல்லை. கோயிலில் ஈரமாக இருந்த சந்தனம் ஸ்ட்ரோவுக்குள் இறங்கி, இதற்குள் சீமெந்தாகியிருந்தது.

"சில்லு கிறுகுதில்ல டீச்சர்" என்றான் மூவரில் ஒருவன், மகா சந்தோசமாக.

டீச்சர் குனிந்து பார்த்தார். "என்ன பிள்ள இது, மஞ்சளா?"

"சந்தனம், டீச்சர்."

"ஆர் பூசின?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "அம்மா."

வகுப்பே சிரித்தது. கலர்ப் பேப்பர் ஒட்டச் சொன்னதற்காக அந்தப் பிள்ளைகளை வாய்க்கு வந்தபடி திட்டியவள் நான். அவள் ஒரு கிழமை பாடுபட்டுச் செய்த காரில் பூவும் சந்தனமும் ஒட்டி நிறுத்தியவளும் நான்தான்.

"ஒரு நிமிசம் தாங்க டீச்சர்" என்றாள் மகள். மல்லிகையை இழுத்தெறிந்தாள். தலையிலிருந்த ஊசியைக் கழற்றிச் சந்தனத்தைச் சுரண்டினாள். பிறகு தன் பின்னலை இரண்டு விரலால் வழித்து, அந்த எண்ணெயை ஈர்க்கிலில் தடவினாள். "உராய்வு கூடிட்டு. இப்ப குறைச்சிட்டன்."

விட்டாள். கார் பிள்ளைகள் இருந்த வாங்குகளுக்கு நடுவால் நேரே போய்க் கரும்பலகைச் சுவரில் முட்டியது. நான் வெளியே நின்று கை தட்டினேன். அந்த எண்ணெய் நான் வைத்தது. டீச்சர் அதைக் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மணி அடித்ததும், சில்லைக் குறை சொன்ன அந்தப் பொடியன் மெல்ல அவளிடம் வந்தான். "அடுத்த முறை எங்கட குழுவுக்கு வாறியா?"

"என்னத்துக்கு, சோடிக்கவா?"

அவன் தங்கள் காரின் கொடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"கார் செய்யிறதுக்கெண்டா வாறன். சோடிக்க ஆள் வேணுமெண்டா, அந்தா நிக்கிறா என்ட அம்மா. அவவக் கேளு."

எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். சந்தனம் காய்ந்திருந்த விரலை நான் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.