பாட்டுப் பிடிக்காத ஷூ அக்கா

ஷூ அக்காவுக்கு விடுமுறைப் பாட்டென்றால் ஆகாது. இது கடை முழுக்கத் தெரிந்த விஷயம்.

வருடக் கடைசி விடுமுறைக்கு ஆறு வாரம் இருக்கும்போதே அவள் ஷூ விற்கும் அந்த மூன்று மாடிக் கடையில் பாட்டுப் போட ஆரம்பித்துவிடுவார்கள். காலையில் ஷட்டர் ஏறும்போது தொடங்கினால் கடை சாத்தும்வரை ஓயாது. பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பது வாசல் காவலாளி. எல்லோருக்கும் அவர் 'பாட்டு அண்ணன்'. வேலை செய்கிறவர்களிடம் ஆளுக்கொரு பாட்டுக் கேட்டு வாங்கி வரிசைப்படுத்துவதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

"உனக்கு எந்தப் பாட்டும்மா?"

"எதுவும் வேணாம்ணே. நிறுத்தினாலே போதும்."

"எல்லாரும் ஆடுறாங்க, நீ மட்டும் விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி நிக்கிறே. காதைக் கழட்டி வீட்டுல வெச்சிட்டு வந்துட்டியா?"

பில் போடும் பெண் களுக்கென்று சிரித்தாள். அக்காவும் சிரித்துவைத்தாள். அவள் கை மட்டும் இடது காதின் மேல் முடியை இழுத்துவிட்டது.

அந்த முடிக்கு அடியில் காது கேட்கும் கருவி இருந்தது. நான்கு வருடமாகிறது. கணவனுக்கும் மகளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வாடிக்கையாளர் முன்னால் நிற்க விடமாட்டார்கள் என்று பயம். மற்ற மாதங்களில் வாயசைவைப் பார்த்துச் சமாளித்துவிடுவாள். பாட்டு ஓடும் ஆறு வாரமும் பெரும்பாடு. பேச்சையும் பாட்டையும் கருவி ஒன்றாகக் குழைத்துக் காதுக்குள் தள்ளும்.

போதாததற்கு அவள் இருந்தது மாடியில், குழந்தைகள் ஷூ பிரிவு. மண்டியிட்டுக் கால் அளவெடுப்பாள். ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். "எங்க, அந்தத் தூண் வரைக்கும் ஓடுங்க ராஜா" என்பாள். பதினோரு வருடமாகச் செய்தும் அலுக்காத வேலை. ஆனால் அம்மாக்கள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றல்லவா பேசுகிறார்கள்? கண் குழந்தையின் காலில் இருக்கும்போது வாயசைவை எங்கே பார்ப்பது?

ஒரு சனிக்கிழமை சின்னப் பையன் ஒருவனின் காலை ஷூவுக்குள் நுழைத்ததும் அவன் வீறிட்டான். கட்டைவிரலில் நகம் பெயர்ந்த புண்.

"மூணு தடவை சொன்னேன், காதுலயே வாங்கல! எவ்வளவு திமிரு!" என்று கத்தினாள் அவன் அம்மா.

பாட்டு அண்ணன்தான் அவளைச் சமாதானப்படுத்தி மேனேஜர் அறைக்குக் கூட்டிப்போனார். அக்காவையும் கூப்பிட்டார்கள். அந்த அம்மா போன பிறகு மேனேஜர் சொன்னார்: "இந்த வாரத்துல இது ரெண்டாவது புகார். நாளையிலருந்து நீங்க கிடங்குல பெட்டி அடுக்குங்க."

மறைத்து என்ன பயன்? மறைத்தாலும் கிடங்குதான். அக்கா முடியை ஒதுக்கிக் காட்டினாள்.

"திமிரு இல்ல சார். பாட்டு ஓடுறப்ப எனக்குப் பின்னால பேசுறது கேக்காது."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதவோரம் நின்ற பாட்டு அண்ணனின் முகம் தொங்கிவிட்டது. எத்தனை கேலி பேசியிருக்கிறார்!

மறுநாள் கிடங்குக்குப் போகத் தயாராகத்தான் வந்தாள். மாடியில் ஏணி போட்டு நின்றிருந்தார் பாட்டு அண்ணன். அவள் தலைக்கு மேலே இருந்த ஸ்பீக்கர் மாடிப்படியோரம் போயிருந்தது. சத்தமும் பாதிதான். ஷூ போட்ட காலைப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் சாய்ந்த கண்ணாடிக்கு மேல், இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரம் பாக்கலாம்னார் மேனேஜர். உக்காரு."

மண்டியிட்டாள். அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி அவள் பின்னால் வந்து நின்றார். அவர் முகம் கண்ணாடியில் முழுசாகத் தெரிந்தது. அவர் சத்தமே இல்லாமல் உதட்டை அசைத்தார்.

"பசிக்குதுங்கிறீங்களா? மணி பத்தரைதாண்ணே ஆகுது."

"அட!" என்று அண்ணன் துள்ளினார். பிறகு தரையைப் பார்த்தபடி, "நான் பேசினதெல்லாம் மனசுல வெச்சுக்காதம்மா" என்றார். அக்கா எழுந்து ஏணியை மடக்கிச் சுவரோரம் சாய்த்தாள்.

ஒரு வாரம் போயிற்று. புகார் ஒன்றும் வரவில்லை. "இங்கேயே இருங்க" என்றார் மேனேஜர். அன்று மத்தியானம் கூட்டம் குறைந்ததும் அண்ணன் வலிக்கும் முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

"இப்ப பாட்டு கேக்குதா?"

"நல்லா கேக்குதுண்ணே. தனித்தனியா, வார்த்தை வார்த்தையா. இத்தனை நாள் வெறும் சத்தம்னுதான் வெறுத்தேன்."

"இப்ப?"

"இப்ப கேட்டுட்டே வெறுக்கிறேன். அந்த மணியடிக்கிற பாட்டு இருக்கே, சகிக்கல."

"அடிப்பாவி, அது எனக்குன்னு நான் போட்ட பாட்டு!"

பில் போடும் பெண் மேஜையில் தலை கவிழ்ந்து சிரித்தாள். அக்காவுக்குக் கண்ணில் நீர் வருமளவு சிரிப்பு. காதாரக் கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்வதில் இவ்வளவு சுகமா?

"ஒண்ணே ஒண்ணு பரவாயில்லண்ணே" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கட்டைக் குரல்ல ஒருத்தர் மெதுவா பாடுறாரே, அதை மட்டும் திரும்பப் போடுறீங்களா?"

முட்டிவலிக்காரர் என்பதையே மறந்து, இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார் அண்ணன்.