பல்லக்கு கவிழாமல் இருக்க

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். புரோகிராம் எழுதுவதை போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டேன். சன்னதித் தெருவில் இருக்கும் என் நண்பன் படம் வரைவான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருந்தோம். சாமி பல்லக்கைத் தெருமுனையில் திருப்பிக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். தூக்குகிறவர் களைத்துவிட்டால், கூட்டத்தில் நிற்கும் யாரையாவது விரலால் தொடலாம். அவர் வந்து தோள் கொடுப்பார்.

எது சாயும், எது விழும் என்று கணக்குப் போடும் ஃபிசிக்ஸ் இன்ஜின் ரெடிமேடாகவே கிடைக்கும். அதில் எங்கள் பல்லக்கு குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கியது. அதனால் நானே ஒன்று எழுதினேன். நடுக்கம் நின்றது. ஆனால் ஆள் மாறும்போது, எப்போதாவது, சாமி குப்புற விழுந்தது.

"பக் தானேபா! இதுக்குப் போயி மூஞ்சிய இப்பிடி வெச்சிக்கினு இருக்கிற?" என்றான் நண்பன்.

அவனுக்கு அது வெறும் பக், புரோகிராமில் ஒரு தப்பு. எங்கள் தெருக்காரர்களைப் பல்லக்குப் பக்கம் விட்டதே இல்லை. முனையில் நின்று கும்பிடுவதோடு சரி. நான் எழுதியதில் சாமி விழுந்தால், கேம் சரியில்லை என்றா சொல்வார்கள்? இவன் கை பட்டது, அதான் என்பார்கள். சோற்றில் கை வைத்தாலும் கண்ணுக்குள் பல்லக்கு கவிழ்ந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை, திருவிழாவின் சாமி புறப்பாட்டுக்கு நண்பன் என் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்துப்போனான். பல்லக்குத் தண்டுக்கு அவ்வளவு பக்கத்தில் நான் நின்றதே இல்லை. அங்கேதான் பார்த்தேன். புது ஆள் முதலில் தோளை நுழைக்கிறார். பாரம் அவர்மேல் ஏறிய பிறகே பழைய ஆள் விலகுகிறார். கேமில் நானோ பழையவரை எடுத்துவிட்டுப் புதியவரைச் சேர்த்திருந்தேன். முனையிலிருந்து பார்த்தவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

தூக்கிக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா தம்பி, தோளையே மொறச்சிக்கினு இருக்கிற? வா, நீயும் குடு."

"போயேம்பா!" என்று நண்பன் தள்ளினான்.

நான் எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியாது. என் கால்கள் தானாகப் பின்வாங்கிச் சுவரில் முட்டி நின்றன.

மறுநாள் காலை, புரோகிராமில் புது ஆளைச் சேர்க்கும் வரியை மேலே ஏற்றி, பழையவரை எடுக்கும் வரியைக் கீழே இறக்கினேன். திரையில், முனையில் கும்பிட்டுக்கொண்டு நின்ற ஒருவனைத் தொட்டேன். வந்தான், தோள் கொடுத்தான். பிறகு முன்னவர் விலகினார். பல்லக்கு அசையவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தோம். விழவே இல்லை.

"ப்ளே ஸ்டோர்ல வுட்டுடலாமா?" என்றான் நண்பன்.

"இன்னொரு தபா பாத்துடலாம்பா."

"நீ பாத்துக்கினே இரு, அதுக்குள்ள திருவிழாவே முடிஞ்சிடும்" என்று அவனே அனுப்பிவிட்டான்.

கேமைப் பற்றி இதுவரை யாரும் தப்பாக ஒன்றும் எழுதவில்லை. ஆனாலும் போன் சத்தம் போட்டால் போதும், கேமைத் திறந்து இன்னொரு தடவை ஆளை மாற்றிப் பார்க்கிறேன்.