பிரேக்கில் வைத்த கால்

லாரி ஓட்டி ஓய்ந்த மேல்வீட்டு மாமா, மகன் விட்டுச்சென்ற வீடியோ கேம் கன்சோலின் ஸ்டியரிங்கைக் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தார். வெளியூரிலிருக்கும் மகனோடு சாயங்காலம் ஆன்லைனில் கார் ரேஸ் ஓட்டுவதாகப் பேச்சு. ஆனால் பெடல் செத்துக் கிடந்தது. ஸ்டியரிங்கிலிருந்த சுவிட்சைக் கன்சோலிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றியும் பலனில்லை. நான் மேலே போய்ப் பார்த்தால், வயரைச் செருகும்போதே மனுஷன் பிரேக்கை மிதித்திருக்கிறார். மிதிபட்ட பெடலையே மிதிபடாத பெடல் என்று கம்ப்யூட்டர் நம்பிவிட்டது.

"காலை எடுத்துட்டுச் செருகுங்க மாமா."

"வண்டி உருண்டுடும்டா."

"மேசை எங்க மாமா உருளப்போகுது?"

சரியாகிவிட்டது. மகன்தான் வரவில்லை. மாமா ஸ்டார்ட் கோட்டிலேயே, பிரேக்கில் காலோடு காத்திருந்தார்.

நான் கீழே என் வீட்டுக்குப் போய், என் கம்ப்யூட்டரில் அவர் மகன் பெயரிலேயே அதே ரேஸில் நுழைந்து, பின்னாலிருந்து ஹாரன் அடித்தேன்.

"வந்துட்டியாடா?" என்று மாடியிலிருந்து குரல் கேட்டது.

பேசினால் மாட்டிக்கொள்வேன். இன்னொரு தரம் ஹாரன் அடித்தேன்.