செரோட்டோனினுக்குத் தமிழில் என்ன பெயர்?

மனநலக் கிளினிக்கில் வேலை செய்கிற தாதியை வீதியில் கண்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் “இவருக்கு என்ன வருத்தமோ” என்று பக்கத்தில் நிற்பவர் யோசிப்பாரே என்ற பயம். மன்னார்ப் பட்டினத்தில் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். நான் சந்தைக்குள் நுழைந்தால் அவர்கள் எல்லோரும் வெண்டிக்காயை உற்றுப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பொலிசிலும் பிரேத அறையிலும் வேலை செய்கிற நண்பர்களே, உங்களுக்கு இது நன்றாக விளங்கும்.

நான் திருகோணமலைக்காரி. இடமாற்றத்தில் வந்து, பட்டினத்தில் ஒரு வீட்டின் பின்னறையில் தனியாக இருக்கிறேன். எங்கள் டாக்டரம்மாவுக்கு ஒரு நோயாளியோடு ஐந்து நிமிடம் கிடைத்தாலே பெரிய காரியம். “மிச்சத்தை மிஸ் விளங்கப்படுத்துவா” என்று என் பக்கம் அனுப்பிவிடுவார். அந்த மிச்சம் பெரும்பாலும் செரோட்டோனின்தான். அதற்குத் தமிழில் ஒரு பேர் வைக்க நானும் பலமுறை முயன்றேன். ஒன்றும் ஒட்டவில்லை. கீழே வருகிற ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், சொன்னவற்றை மாற்றவில்லை.

வயிறும் தலையும்

மரியதாஸ் அண்ணை மன்னார்த் தீவின் கீரிக் கிராமத்தில் கடற்றொழில் செய்கிறவர். மனைவி இறந்த பிறகு வயிற்றுக்குத்து என்று ஒவ்வொரு கிளினிக்காக ஏறி இறங்கினார். ஸ்கான் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் எங்களிடம் அனுப்பினார்கள். அது அவருக்குப் பெரிய அவமானம். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, “எனக்கு வயித்திலதான் வருத்தம் மிஸ், தலையில இல்லை” என்றார்.

“ரெண்டுக்கும் தொடர்பு இருக்கு அண்ணை” என்று தொடங்கினேன். “செரோட்டோனின் எண்டு ஒரு பொருள். உடம்பில அதின்ர பெரும்பங்கு குடலிலதான் உண்டாகுது. குடல் அசைஞ்சு சாப்பாட்டைத் தள்ள அது வேணும். பழுதான சாப்பாடு போனா சத்தி, வாந்தி வரப்பண்ணுறதும் அதுதான். கொஞ்சம் இரத்தத்தில ஓடுது. மீன்முள்ளுக் குத்திக் கை கிழிஞ்சா இரத்தம் உறைய உதவும். இன்னும் கொஞ்சத்தை மூளை தனக்கெண்டு தானே செய்துகொள்ளும். நித்திரை, பசி, மனம் எல்லாத்திலயும் அதுக்குப் பங்கிருக்கு.” அது குறைந்ததால்தான் மனம் விழுந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, படித்தவர்களே இன்னும் தர்க்கப்படுகிறார்கள், ஆனாலும் டாக்டரம்மா எழுதித்தந்த மருந்துக் குளிசையால் பலருக்குச் சுகம் வருகிறது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் யோசித்தார். “வயித்தில அவ்வளவு கிடக்கெண்டா, அதில கொஞ்சத்தை மேல அனுப்பேலாதோ?” ஏலாது என்றேன். இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தடுப்பு உண்டு, அது செரோட்டோனினை உள்ளே விடாது. சண்டைக் காலத்தில் இந்தத் தீவை விட்டு வெளியே போவதற்கு ஆமியிடம் அனுமதிச் சீட்டுக்கு வரிசையில் நின்றவர் மரியதாஸ் அண்ணை. அன்றைக்குத்தான் அவர் முகம் சிரிப்பதற்குக் கிட்ட வந்தது.

“அங்கயும் பாஸ் கேக்கிறாங்களோ, மிஸ்?”

குளவி

மாதத்தில் ஒரு நாள் இலுப்பைக்கடவையில் கிளினிக். மருந்து கொடுக்கிற ரூபனும் நானும் டாக்டரம்மாவோடு போவோம். மற்ற நாட்களில் அந்த அறை பூட்டியே கிடக்கும். ஒருமுறை ரூபன் அலுமாரியைத் திறக்க, உள்ளே கூடு கட்டியிருந்த குளவி அவன் கழுத்தில் கொட்டிவிட்டது. துள்ளிக்கொண்டு நின்றவனிடம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், குளவியின் விஷத்திலும் செரோட்டோனின் இருக்கிறது, தோலுக்குள் போனால் நோவு எடுக்கும் என்று பாடம் நடத்தினேன். வாட்சப்பில் ‘சந்தோச ஹோமோன்’ என்று அனுப்புகிறார்களே, அதே பொருள்தான். எங்கே போய்ச் சேர்கிறதோ அதற்கேற்ற வேலை.

வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மருந்து வாங்கிக்கொண்டு போகிற சனம், அன்றைக்கு ரூபனின் கேள்விக்குச் சேர்ந்து சிரித்தது.

“அப்ப எனக்கு எத்தினை மணிக்கு மிஸ் சந்தோசம் தொடங்கும்?”

ஒரு சீப்பு வாழைப்பழம்

எங்களிடம் குளிசை எடுக்கிற ராக்கம்மா அக்கா வெள்ளாங்குளத்தில் இருக்கிறார். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கிடைக்கிற நாளில் தோட்டத்தில் கூலி வேலை. ஒரே மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். அந்தப் பிள்ளை போனில் ஒரு வீடியோவை அனுப்பி, வாழைப்பழம் சாப்பிட்டால் செரோட்டோனின் ஏறும், குளிசையை விட்டுவிடம்மா என்று சொல்லியிருக்கிறாள். அக்காவும் சட்டென்று நிறுத்திவிட்டார். நான் வீட்டுக்குப் பார்க்கப் போனபோது தலை சுற்றுகிறது, தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாழைப்பழத்தில் செரோட்டோனின் இருப்பது உண்மைதான், ஆனால் அது மூளைக்குப் போய்ச் சேராது என்று விளங்கப்படுத்தினேன். பழத்தைச் சாப்பிடுங்கள், நல்லது. குளிசையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் விடக்கூடாது. விடுவதென்றால் மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். பாயில் இருத்தித் தண்ணீர் கொடுத்து, டாக்டரம்மாவோடு போனில் கதைத்து, குளிசையைத் திரும்பத் தொடங்க வைத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, நான் வெளிக்கிடும்போது சொன்னார்:

“நான் எங்கங்க மிஸ் பழத்தத் தின்னேன்? ஒண்டி ஆளு ஒரு சீப்ப எப்படித் திங்கிறது? பக்கத்து வீட்டுக்குப் பாதியக் குடுத்தேன். அந்த வீட்டுப் புள்ள உள்ளுக்கு வந்து உக்காந்து, பொழுது சாயிற வரைக்கும் பேசிக்கிட்டு இருந்துச்சு. பழம் வேல செஞ்சிச்சுங்க மிஸ்.”

கீரிக் கரையில்

மரியதாஸ் அண்ணை கிளினிக்குக்கு வராமல் விட்டார். போன் எடுத்தாலும் பதில் இல்லை. எங்கள் வாகனம் வாசலில் நின்றால் அயல் முழுக்கக் கதை பரவும் என்பதால் என் ஸ்கூட்டரில் போனேன். வீடு பூட்டியிருந்தது. கரையில் இழுத்து வைத்திருந்த வள்ளத்தின் நிழலில் இருந்தார். குளிசை குமட்டுகிறது, விட்டுவிட்டேன் என்றார். “குடலிலயும் செரோட்டோனின் வேலை கூடுறதால தொடக்கத்தில அப்பிடித்தான் இருக்கும் அண்ணை, கொஞ்ச நாளில போயிடும்” என்று நான் ஆரம்பித்தேன். அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்வது ஒன்றும் அவருக்குள் இறங்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் மணலில் இருந்தேன்.

“அண்ணை, செத்துப்போகலாம் போல இருக்கோ?” என்று கேட்டேன். பயிற்சியில் கற்றுத்தந்த கேள்விதான். ஆனால் ஒவ்வொரு முறையும் நாக்குப் பாரமாக இருக்கும். அவர் தலையை ஆட்டி “ஓம்” என்றார். அடுத்த நாள் விடியத் தனியாகத் தொழிலுக்குப் போவதாக இருந்தாராம், திரும்பி வருகிற எண்ணம் இல்லையாம். டாக்டரம்மாவுக்கு அழைத்தேன். அடுத்த ஒழுங்கையில் இருக்கிற அவருடைய மகளைக் கூப்பிட்டேன். அவள் செருப்பில்லாமல் ஓடிவந்து தகப்பனைக் கட்டிக்கொண்டாள். மூவருமாக ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாதி வழியில் சொன்னார்:

“செபமாலை சொல்ல வந்தாக்கள், சாப்பாடு கொண்டந்தாக்கள், எல்லாரும் நல்ல சனம் மிஸ். ஆனா ஒருத்தரும் இதைக் கேக்கேல்லை. கேட்டிருந்தா எப்பவோ சொல்லியிருப்பன்.”

முறைப்பாடு

வார்டில் மரியதாஸ் அண்ணை தினமும் காலையில், “இண்டைக்காவது வேலை செய்யுமோ?” என்று குளிசையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்லச் செரோட்டோனினை வெளியே விடும், பிறகு தானே அதை உறிஞ்சி எடுத்துக்கொள்ளும், குளிசை அந்த உறிஞ்சலைக் குறைக்கும், அப்படியிருந்தும் மனத்தில் மாற்றம் தெரியக் கிழமைக்கணக்கில் செல்லும் என்று நானும் தினமும் சொல்வேன். டாக்டரம்மாவும் கிளினிக் முடிந்ததும் தினமும் அவரோடு இருந்து கதைப்பார். மகள் பின்னேரங்களில் வந்து தாயைப் பற்றிப் பேசுவாள், இருவரும் அழுவார்கள்.

இன்று அவர் மகளோடு இருக்கிறார். மருமகனோடு சேர்ந்துதான் கடலுக்குப் போகிறார். ஆனால் அவர் தப்பிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது வார்டில், ஒரு காலை நேரம், அவர் கோபத்தோடு என்னைக் கூப்பிட்டபோதுதான். நித்திரை இல்லாமல் மாதக்கணக்கில் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்த மனிதர் அவர்.

“பக்கத்துக் கட்டில் ஆளை வேற இடத்துக்கு மாத்துங்கோ மிஸ். நல்ல நித்திரை, அவன்ர குறட்டையில கெட்டுப்போச்சு!”

கதிரை மாறிய நாள்

இதற்கிடையில் நான் சமைப்பதை விட்டிருந்தேன். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் போதுமாக இருந்தன. கோழி கூவ முன்னமே விழிப்பு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பேக்கரிக் கடைக்காரரிடம் “பாண் இருக்கோ” என்று கேட்பதைத் தவிர வேறு பேச்சு இராது. இதையெல்லாம் வேறொருவர் சொல்லியிருந்தால் உடனே டாக்டரிடம் அனுப்பியிருப்பேன். எனக்கு வந்தபோது களைப்பு என்று பேர் வைத்தேன். ஒரு நாள் கிளினிக் முடிந்து எல்லோரும் போன பிறகு, எழும்ப மனமில்லாமல் நோயாளிகள் இருக்கிற கதிரையில் இருந்துவிட்டேன். டாக்டரம்மா பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். வழக்கமான கேள்விகளைக் கேட்டார். “ஆரோடயாவது கதைக்கிறீங்களா மிஸ்?” என்றார். நாள் முழுக்கக் கதைக்கிறேனே என்றேன். “அது வேலை. நான் கேட்டது உங்களைப் பற்றி” என்றார். அதற்குப் பிறகு நான் அழுததை இங்கே எழுதவில்லை.

டாக்டரம்மா எழுதித்தந்த துண்டுச் சீட்டைக் கொண்டுபோய் மருந்து யன்னலில் நீட்டினேன். ரூபன் அதை வாசித்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். குளிசையை எண்ணிப் போட்டுவிட்டு, வழக்கமாக எல்லோருக்கும் நான் சொல்கிறதை எனக்குச் சொல்லத் தொடங்கினான். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். தெரியும் என்று சொல்லாமல், யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டேன்.

“முதல் கிழமை கொஞ்சம் குமட்டும் மிஸ், சாப்பிட்டிட்டுப் போடுங்கோ. உடன சுகம் வரேல்லை எண்டு விட்டிடாதேங்கோ. தனிய இருக்கேலாமக் கிடந்தா எந்த நேரமெண்டாலும் எனக்கு ஒரு கோல் எடுங்கோ, நானும் மனுசியும் வாறம்.”

இப்போது எனக்குப் பசிக்கிறது, நித்திரையும் வருகிறது, திரும்பச் சமைக்கவும் தொடங்கிவிட்டேன். கறிக்கு உப்புப் போதுமா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆளைத்தான் அந்தக் குளிசைக்குள் வைக்காமல் விட்டுவிட்டார்கள்.